மூன்று நாள் தண்ணீர்

அடைக்கலநாதன் பொய் சொல்லவில்லை, எழுதினார். அதுவும் தன் முத்தான கையெழுத்தில் "காய்ச்சி வடித்த நீர்" என்று எழுதி, திகதியும் போட்டு, மூன்று நாளும் பிளாஸ்டிக் கானில் ஒட்டினார். கானுக்குள் இருந்ததோ முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர்.

பெரிய சதி ஒன்றுமில்லை. அந்தோனியார் கோயில் கொடியேற்றத்துக்கு ஓடிய அவசரத்தில், தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தின் குழாயைத் திறக்காமலே சுவிச்சைப் போட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் சூடாக்கும் கம்பி கருகிக் கிடந்தது. கொழும்புத்துறையிலுள்ள அந்தச் சின்ன ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்து, ஒருவரிடமும் ஒரு குறைச்சொல் கேட்காத மனிதர். புதுக் கம்பி வந்து பூட்டும்வரை கிணற்றுத் தண்ணீரை வடிதாளில் வடித்து ஊற்றினார். யாருக்குத் தெரியப்போகிறது?

யாருக்கும் தெரியவில்லை. வினையே அதுதான்.

அந்த மூன்று நாளில்தான் ஆய்வாளர் பிரியந்தினி தன் கரைசல்களைக் கலந்தாள். கடலில் பட்டால் தோல் பற்றியெரியுமே, அந்தச் சொறி என்னும் ஜெல்லிமீனின் நஞ்சிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அது பளிங்காக விளைந்தால்தான் ஜெர்மனியில் ஊடுகதிர் பாய்ச்சி அதன் உருவத்தைக் காணலாம். பதினோராம் நாள் விளைந்தது. அவள் அனுப்பிய படத்தைப் பார்த்து, அங்கே கூட்டாய்வு செய்யும் மத்தியாஸின் குழு துள்ளிக் குதித்தது. அனுப்பிய பளிங்குகள் வழியிலேயே நொறுங்கின. பரவாயில்லை, நாங்களே விளைவிக்கிறோம் என்றார்கள்.

விளையவில்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மூன்று மாதம் போனது. கடைசியில் மத்தியாஸ் மிக மரியாதையாக ஒரு மடல் எழுதினான். அந்தப் படம் உண்மையிலேயே அந்தப் புரதத்தினுடையதுதானா? மாத முடிவுக்குள் மறுபடி விளையாவிட்டால் கூட்டாய்வை நிறுத்த வேண்டிவரும்.

"என்னைக் கள்ளி எண்டுறான், அண்ணை," என்றாள் பிரியந்தினி. "நான் ஒண்டையும் மாத்தேல்லை. அதே புரதம், அதே உப்பு, அதே தண்ணி."

அடைக்கலநாதன் கழுவிய சோதனைக் குழாயையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். வாயைத் திறந்தால் இருபத்தாறு வருடப் பெயர் போச்சு. திறக்காவிட்டால் இந்தப் பிள்ளையின் பெயர் நாறும். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அதே தண்ணி இல்லை, பிள்ளை," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"மூண்டு மாதம்! விசரி மாதிரித் திரிஞ்சனான். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள், என்ன?"

"ஓம்."

அவள் கோபத்தில் எழுந்து போய்த் தேநீர்க் கேத்திலைத் திறந்து பார்த்தாள். உள்ளே கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாக அப்பிக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"கிணத்திலை தண்ணி அள்ளுங்கோ," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அந்தத் தண்ணீரில் கரைசலைக் கலந்து வைத்த பதினொரு நாளும் அவள் அவரோடு கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை நுண்ணோக்கியின் முன்னாலிருந்து எழுந்து கதிரையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் குனிந்து பார்த்தார். கற்கண்டுத் துண்டுகள் போலப் பளிங்குகள் கிடந்தன.

"சுண்ணாம்புதான் புரதத்தைப் பிடிச்சு நிப்பாட்டுது போல," என்றாள். "மத்தியாஸுக்கு எல்லாம் எழுதப்போறன். உங்கடை பேரைப் போடமாட்டன்."

"போடுங்கோ. இல்லாட்டிப் பொய் உங்கடை தலையிலைதான் நிக்கும்."

போட்டாள். ஆய்வுகூடப் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி போனது. இரண்டு நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பணிப்பாளரிடமிருந்து அடைக்கலநாதனுக்கு, விளக்கம் கேட்டு. மற்றது மத்தியாஸிடமிருந்து. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தண்ணீரில் இரண்டு போத்தல் அனுப்பச் சொல்லியிருந்தான்.

அடைக்கலநாதன் பணிப்பாளரின் கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். போத்தல்களை நிரப்பி மேசைக்குக் கொண்டுவந்து, ஒட்டுத்தாளை எடுத்தார். அந்த முத்தான எழுத்து இம்முறை கொஞ்சம் கோணியது.

"கிணற்று நீர். தாளில் வடித்தது. அள்ளியவர் அடைக்கலநாதன்."

திகதியும் போட்டார்.