மேட்டில் சிவப்புத் துணிகள்

சின்னம்மா அமலோற்பவத்தின் செபமாலையில் ஒரு மணி மட்டும் நீலம். பழையது உடைந்துபோனதால், ஆற்றோர மேட்டில் வெட்டிய வடிகால் கானில் கிடந்ததை எடுத்துக் கோத்திருந்தாள். அன்று மாலை செபத்தில் இன்பராணிக்கு வாய் நின்றுபோனது. சென்னையில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவள். ரோமாபுரிக் கண்ணாடி மணிகளைப் படங்களில் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்தவள். அதே நீலம், அதே வரிகள். மலாயாவில், கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இதற்கு என்ன வேலை?

விடிந்ததும் துரை முன்னால் போய் நின்று, மேட்டைத் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டாள்.

"கங்காணி மகளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். "அங்க எண்ணெய்க்குச் செம்பனைக் கன்னு வைக்கப் போறோம். நீ தோண்டக் கூடாது."

கன்று வேர் பிடித்தால் மேடு அவள் ஆயுசுக்கும் மூடிக்கொள்ளும். பொருமிக்கொண்டே வீடு வந்தாள்.

"லத்தீன் படிச்ச ஆம்பளைங்க சாமியாரா போறாங்க," என்றார் அப்பா சந்தனசாமி. "நீ கான் வெட்டணும்னு நிக்கிற."

"நல்லாவே வெட்டுவேன்ப்பா."

வாசலில் ஆட்கள் சங்கோல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கன்றுக்குக் குழி வெட்ட. வரிசை வரிசையாக, மேடு முழுக்க. இன்பராணி அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள்.

ஓடிப்போய், குழி வெட்டக் கிளம்பிய சின்னம்மாவைப் பிடித்தாள். "குழியில மணியோ ஓடோ வந்தா, அங்கயே இலையில மடிச்சு வைங்க. அந்தக் குழிக்கு அடையாளமா நட்டிருக்கிற குச்சியில சிவப்புத் துணி கட்டுங்க."

"அவ்வளவு சிவப்புக்கு எங்கடி போறது?"

"உங்க பழைய சீலை இருக்கே."

"அது என் கல்யாணச் சீலைடி, பாவி."

திட்டிக்கொண்டேதான் கிழித்தாள். மற்றப் பெண்களும் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். குழி வெட்டி முடிந்த அன்று மேட்டின் உச்சியில் ஏறிப் பார்த்தால், துணிகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கவில்லை. ஆற்றங்கரையில் தொடங்கி இரண்டு வரிசையாக மேலேறி வந்தன. நடுவில் வெறுமை. மண்ணுக்கடியில் ஒரு பழைய தெரு, இருபுறமும் வீடுகள்.

துரை மூச்சு வாங்க ஏறி வந்தார். "யாரைக் கேட்டுத் தோண்டினே?"

"நான் ஒரு பிடி மண்ணைத் தொடலை. தோண்டினது நீங்கதான், துரை."

பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். துரை முகம் சிவந்து, குனிந்து ஓர் இலையைப் பிரித்தார். நீல மணி. அடுத்த குழிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும். தொப்பி விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

"கங்காணி," என்றார் கடைசியில், "சிவப்புத் துணி இருக்கிற இடத்தில கன்று வேணாம். உன் மக தோண்டட்டும்."

சந்தனசாமி தன் சங்கோலை மகளிடம் நீட்டினார்.

"கோணலா வெட்டி மானத்தை வாங்காத."

இன்பராணி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்குள் இறங்கினாள்.