மூக்காயி சொல்லாத பெயர்

எனக்கு வாய் நீளம். கண்டியில் ஒரு வயோதிபர் மடத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, திட்டித் திட்டியே பத்து வருஷம் ஓட்டினேன். ஆனால் மூக்காயியைப் போல என் பொறுமையைச் சோதித்தவள் ஒருத்தியும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அது. காலில் புண் என்று அவள் புருஷனைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறிக்க ஆளில்லாத குடும்பத்துக்குத் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை, அந்த லயக் காம்பிரா எதற்கு? அடுத்த வாரமே, நடக்கமாட்டாத இவளை மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். புருஷனை ஒரு தரம் பார்க்க வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியோ கூப்பிடு தூரம்.

"புருஷன்ர பேரென்ன?" என்று கேட்டார் எங்கள் மடத்துக் கிளாக்கர் திருச்செல்வம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேர் தெரியாமல் நான் அங்க ஆரையெண்டு தேடுறது?"

"சொல்லப்படாதுங்க. அவுக ஆயுசு கொறஞ்சிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏ ஆத்தா, பேரைச் சொன்னா ஆளு செத்துருமுன்னா ஊருல ஒரு ஆம்பள மிஞ்சுவானா?"

"சீக்காக் கெடக்குறவுகளுக்கு நான் வேற எமனாகணுமா தாயி?"

தோட்டத்துக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேர் தெரியாமல் ஆண்கள் வார்டுக்குள் விடமாட்டோம் என்று விரட்டிவிட்டார்கள். வந்த கோபத்தை அவள் மீதுதான் கொட்டினேன்.

மூன்றாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ வாயத் தெறக்காட்டி அந்த மனுசன் அனாதையாத்தான் சாவாரு!" என்று கத்திவிட்டேன். அவள் கண்ணை மூடி, முருகா முருகா என்று முனகிவிட்டு, "இருளப்பன்" என்றாள். சொன்ன வாயில் தானே அறைந்துகொண்டாள்.

திருச்செல்வம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முந்தாநாள் காலமை முடிஞ்சுதாம். ஆக்கள் இல்லையெண்டு அடக்கமும் செய்திட்டினம். சாகுமட்டும் வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவராம்."

முந்தாநாள்! அப்படியானால் இவள் இங்கே வந்து பத்தொன்பது நாள் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். முதல் நாளே பேரைச் சொல்லியிருந்தால் பார்த்திருப்பாள். இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? சொன்னால் மனசு அரித்தே செத்துப்போவாள். அவளிடம் போகிற வழியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

"ஆத்தா, மனசத் தேத்திக்க. நீ பேரைச் சொன்னதால இல்ல. நீ இங்க வந்த அன்னைக்கே அவரு போயிட்டாராம்."

அவள் அழவில்லை. "அப்ப என்னால இல்ல" என்று நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதற்குள் அவள் விரல்விட்டு நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். எண்ணி முடித்ததும் முகம் கறுத்துப் போனது.

"அப்ப மூணு வாரமா, செத்துப்போன மனுசனுக்கா தாயி நான் பொட்டு வச்சேன்? ஒரு நா பட்டினி கெடக்கல, ஒரு ஒப்பாரி வைக்கல. வயிறார கஞ்சி குடிச்சேனே! இந்தப் பாவத்த எங்க போயிக் கழுவுவேன்?"

சேலைத் தலைப்பால் நெற்றியைத் தேய்த்தாள். குங்குமம் போன பிறகும், தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள். நான் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். சொன்னால் அந்தப் பத்தொன்பது நாளையும் சொல்ல வேண்டும்; அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன்.