காலரில் உட்கார்ந்த பூச்சி

கண் விழித்தபோது கதவில் தொங்கிய கம்பளிக் கோட்டின் காலரில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. மஞ்சளுக்குக் கரை போட்டதுபோல இளஞ்சிவப்பு. கனவின் மிச்சம் என்று நினைத்துத் தம்பி மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். இரவு வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியும் அவனுக்குப் பகல் பழகவில்லை. நண்பகல் வெளிச்சம் இமைக்குள் தண்ணீர்போல ஆடிக்கொண்டே இருக்கும்.

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அந்துப்பூச்சி," என்றாள் அக்கா. கையில் மருந்து டப்பா. "நாலு மணிக்கு அந்தம்மா கோட்டை வாங்க வர்றாங்க. ஓட்டை விழுந்தா என் பொழப்புல மண்ணுதான். நகரு."

"அடிக்காதக்கா. என்னன்னு பாத்துடறேன்."

"மகாராசா எழுந்தாச்சா. சீக்கிரம் பாரு."

போனில் படம் பிடித்துத் தேடினான். முதலில் வந்த பதில்: அந்துப்பூச்சி.

"நான் என்ன சொன்னேன்?" அக்கா டப்பாவைக் குலுக்கினாள்.

வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், துணியை அரிப்பது. போனிலோ அந்த வம்சத்துக்கே அதுதான் பெயர். படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். துணியில் முட்டையிடுவது அரிசி அளவுதான், நிறமும் மங்கல். இது கட்டைவிரல் நீளம். கடைசியில் வந்தது அதே மஞ்சள், அதே கரை. அக்கா ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியோடு காலரை நெருங்கினான். ரோமம் அடர்ந்த முகம் மேகம்போலப் பெரிதாகி வந்தது. அந்த மேகத்துக்குள் வெகுநேரம் நின்றுவிட்டான்.

"தூங்கிட்டியாடா?"

"இதுக்கு வாயே இல்லக்கா. போன்லயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"வாயில்லாப் பூச்சின்னு உன்னைத்தான் சொல்லுவேன். நிஜமாவே ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. இதோட புழுகூட இலையைத்தான் தின்னும். துணியைத் தொடாது."

"வாயில்லாம எப்படி உயிரோட இருக்கு?"

"புழுவா இருந்தப்ப தின்னதை வச்சு. ஒரு வாரம் ஓடும்."

"நீயும் அப்படித்தான ஓட்டிட்டிருக்க, பழைய சம்பளத்துல." டப்பா மேசைமேல் இறங்கியது. "சரி, கோட்டை விட்டு எடு. தூள் ஒட்டிடப் போகுது."

வலது சுட்டுவிரலை நீட்டினான். பூச்சி ஏறி உட்கார்ந்தது. எடையே இல்லை.

நாலு மணிக்குக் கோட்டு போயிற்று. பூச்சி போகவில்லை. அவன் ஜன்னலோரம் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். மதியம் போட்ட தட்டு ஆறிக் கிடந்தது.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உருட்டினாள்.

"அதுக்குத்தான் இல்ல. உனக்கு இருக்கில்ல? திற."