யாருடைய புகை?

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பிறந்தநாள் விழாவில், வாகனம் திருத்தும் பாலேந்திரனின் வாயிலிருந்து கிடைத்தது. பாதியை அவர் சிரித்தே விழுங்கிவிட்டார். மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

2.
'புருசெத் புறநகரில் பனி மெல்லக் கரைந்துகொண்டிருந்த ஓர் ஏப்ரல் மாலையில், வின்சென்றின் மனமும்...'

(வேண்டாம். மனம் எங்கே இருந்தது அந்த மனுசனிடம்? பிக்கப்தான் இருந்தது.)

மறுபடி: 2005. வீடு மாறுகிறவர்களின் சோபா, கட்டில் ஏற்றிப் பிழைக்கும் வின்சென்றின் டீசல் பிக்கப் புகை கக்கத் தொடங்கியது. வாகனப் பரிசோதனைக்கு நாளையோடு தவணை முடிகிறது. தவறினால் நம்பர் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். பிழைப்பும் அதோடு போகும்.

பாலேந்திரன் நகரின் மறுகோடியில், ஹவுகெட்டோவிலிருந்து போனில் சொன்னார்: "கறுப்பெண்டால் பயப்பிடாதை, எயார் ஃபில்டர் அடைச்சிருக்கும், மாத்தினால் சரி. நீலமெண்டால் ஒயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளையாவே வந்துதெண்டால் எஞ்சினுக்குள்ளை தண்ணி போகுது. அதோடை கதை முடிஞ்சுது. நீ மிதி, ஆரையாவது புகையைப் பாக்கச் சொல்லு."

3.
பார்க்க இருந்த ஒரே ஆள், மூன்றாம் மாடி பால்கனியில் நின்ற மனைவி யோசெப்பின். (முதல் பிரதியில் இவரைப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். பாலேந்திரன் அடித்துச் சொல்லிவிட்டார், இல்லவே இல்லையென்று.)

வின்சென்ற் அக்சிலேற்றரை மிதித்தபடி தலையை வெளியே நீட்டினார். "என்ன நிறமப்பா?"

"கறுப்பு!"

வின்சென்ற் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இன்னும் மிதித்தார். "இப்ப?"

"பொறுங்கோ, சாம்பல் மாதிரி... ஐயோ, வெள்ளை! வெள்ளையப்பா!"

யோசெப்பின் விம்மி அழுதார். ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து வின்சென்றும் அழுதார். அகதியாக வந்திறங்கிய அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை.

யோசெப்பின் படியால் ஓடிவந்தார். "ஏனப்பா அழுறியள்? சந்தோசமான விசயமெல்லோ!"

"இதிலை என்ன சந்தோசம்?"

"புதுப் பாப்பரசரைத் தெரிவு செய்திட்டினம்! காலமையிலையிருந்து பால்கனிக் கதவாலை உள்ளை ரீவியிலை வத்திக்கான் புகைக்குழாயைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறன். வெள்ளைப் புகை வந்திட்டுது!"

"அப்ப என்ரை புகை?"

"உங்கடை புகையை ஆர் பாத்தது?"

4.
முடிவு ஒன்று: புகை கறுப்பு. ஃபில்டரை மாற்றி, மறுநாள் பரிசோதனையில்... (பாலேந்திரனே நம்பமாட்டார்.)

முடிவு இரண்டு: வெள்ளை. உரோமில் ஒருவர் பதவிக்கு வருகிறார், புருசெத்தில் ஒருவருக்கு வேலை போகிறது. (அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. வின்சென்றுக்கு இது அழகில்லை.)

முடிவு மூன்று: யோசெப்பின் பிக்கப்பின் பின்னால் போய் நிற்கிறார். "கண்ணீரிலை எல்லாம் மங்கலாக் கிடக்கப்பா..."

5.
வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதும்போது நானும் யோசெப்பினோடு தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வின்சென்ற் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார். காலை எடுத்தால் எஞ்சின் ஆறிவிடும், பிறகு எந்தப் புகையையும் நம்ப முடியாது.

ஆகவே நீங்கள்தான் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நிறத்தைக் கத்திச் சொல்லுங்கள். அப்படியே, யாருடைய புகை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.