இரண்டு விரல் ஜன்னல்

போர் முடிந்த ஆண்டு அக்டோபர் பதினோராம் தேதி காலையிலிருந்து எங்கள் ஒசாஃபுனேயில் வாள்கொல்லன் கிசாகுவின் வீட்டு வாள் வியர்க்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஒரு சாகே மதுக் கிண்ணம் நிறையும். மழை நாளென்று கூடாது, வெயில் நாளென்று குறையாது. கிசாகு அப்போது ஊரில் இல்லை. மஞ்சூரியாவுக்குப் போன அவன் படைப்பிரிவை ரஷ்யர்கள் சைபீரியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு. அவன் மனைவி மசுயோ, தூரம் போனவர்களின் வீடுகளில் செய்வதுபோல, தினமும் அவனுக்கும் ஒரு கிண்ணம் சூடான சோறு வைத்து மூடி வந்தாள். மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். பத்தாம் தேதியோடு வீட்டில் அரிசி தீர்ந்தது. ஆறிப்போன சர்க்கரைவள்ளிக் கிழங்கை மூடி வைத்தால் நீர் எப்படிக் கோக்கும்? மறுநாள் அந்த வேலையை வாள் எடுத்துக்கொண்டது.

கிசாகுவின் தம்பி தொமேஜி வாள் தீட்டுகிறவன். ஒரு கால் விளங்காததால் படையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவன் பார்த்ததும் குதித்தான். "மூச்சு விட்டுத் தொலைச்சீங்களா அண்ணி, இல்ல அழுது தொலைச்சீங்களா? உருவின வாள் மேல ஈரம் படலாமா?" எங்கள் ஊரில் வாளைப் பார்க்கிறவர் வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொள்வார், மூச்சின் ஈரம் எஃகில் படக்கூடாது என்று. தொமேஜியும் கவ்விக்கொண்டு மதியம்வரை அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். துளிகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. காகிதத்தை எடுத்துவிட்டு, "அண்ணன்தான்" என்றான். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஜனவரியில் துளிகள் முள் முள்ளாக உறைந்தன. மார்ச்சில் ஐந்து நாள் வாள் தொட முடியாதபடி கொதித்தது. அந்த ஐந்து நாளும் மசுயோ அதற்கு ஈரத்துணி சுற்றினாள். தோஃபு கடைக்காரி ஃபுசாயே, மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதவள், காலையில் வந்து எட்டிப் பார்ப்பாள். "அடியே மசுயோ, என் பையனுக்கும் சேத்து ஒரு சொட்டு விடச் சொல்லேன் அந்த வாளை. அதுக்கென்ன குறைஞ்சா போயிடும்?" என்று சிரிப்பாள். மே மாதம் மகனின் மரணச் செய்தி வந்தது. அதன் பிறகு அவள் வரவில்லை.

வாட்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் அந்த ஆண்டுதான். பழமையும் வேலைப்பாடும் உள்ளவற்றுக்கு அனுமதிச் சீட்டு தருவார்கள், மற்றவற்றை வெட்டிக் கடலில் போடுவார்கள் என்றார்கள். கிசாகுவின் வாள் அவன் முன்னோர் அறுநூறு வருடத்துக்கு முன் அடித்தது. பின்னால் எவனோ ஒரு குள்ளமான சாமுராய் தன் இடுப்புக்கு ஏற்ப அதை அடிப்பக்கம் வெட்டியதில், கொல்லரின் பெயர் பொறித்த துண்டு போய்விட்டது. அது எங்கள் பட்டறை வழியில் வந்தது என்பதற்கு மீதமிருந்த ஒரே சாட்சி, எஃகின் மேல் விடியற்காலை மூடுபனிபோல் படிந்திருக்கும் வெள்ளை நிழல். அது எங்கள் கொல்லர்களின் கைக்கு மட்டும் வரும் என்பது ஊரின் கர்வம். ஒரு வருட ஈரத்தில் வாளெங்கும் செந்துரு ஏறி அந்த நிழலும் மறைந்திருந்தது.

துருவைத் தேய்த்தெடுத்துக் கிராம்பு எண்ணெய் பூசினால் நிழல் தெரியும். ஆனால் எண்ணெய் பூசிய எஃகு வியர்க்காது. மசுயோ எண்ணெய்ப் புட்டியை வீட்டுக்குள் விடவே இல்லை.

"இப்படியே கொண்டு போனா கழிச்சுக் கட்டிருவாங்க அண்ணி. வாளை வெட்டிட்டா அண்ணனுக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"பூசினா அவருக்கு மூச்சடைச்சுப் போச்சுன்னா? அதை நீ யோசிச்சியா தம்பி?"

இருவரும் யோசித்திருந்தார்கள். அதனால்தான் கத்தினார்கள். பன்னிரண்டு நாள் இதே பேச்சு. கடைசியில் தொமேஜி தன் தொழிலில் உள்ள ஒரு வழியைச் சொன்னான். பழைய வாளில் என்ன இருக்கிறது என்று பார்க்க, தீட்டுகிறவர்கள் ஓரிடத்தில் மட்டும் துருவைத் தேய்த்தெடுத்துச் சின்னதாக ஜன்னல் திறப்பார்கள். இரண்டு விரல் அகலம் போதும், மீதி வாள் தன் பாட்டுக்கு மூச்சு விடட்டும். அக்டோபர் மூன்றாம் தேதி பிற்பகல் அவன் தேய்த்தான். அவள் வாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு "போதும் தம்பி, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் பட்டதும் ஜன்னல் காய்ந்தது, பனி நிழல் பளிச்சென்று தெரிந்தது. மீதி வாளில் தண்ணீர் இரண்டு பங்காகக் கொட்டியது. மசுயோ இரண்டாவது கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து அடியில் வைத்தாள்.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் சோதனை நடந்தது. ஒகாயாமாவிலிருந்து வந்த நிபுணர் ஹிராமாட்சு காகிதத்தைக் கவ்விக்கொண்டு வாளை உருவினார். கவ்வியிருக்கும்வரை அவரால் எதுவும் சொல்ல முடியாது, அவரை யாரும் கேட்கவும் முடியாது. வாளை வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார், துடைத்தார், மறுபடி நனைந்ததைப் பார்த்தார், மறுபடி துடைத்தார். மசுயோ அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் மூன்று வாட்களுக்குத் தீர்ப்பாகிவிட்டது. பிறகு அவர் காகிதத்தை எடுத்தார்.

"ஒசாஃபுனே எஃகு. சந்தேகமே இல்ல. இதை இப்படி நனைய வைக்கறது யாரு?"

"எங்க அண்ணன்தாங்க ஐயா. சைபீரியாவுல இருக்காரு" என்றான் தொமேஜி.

ஹிராமாட்சு தலையாட்டிவிட்டு, அனுமதிச் சீட்டின் குறிப்புப் பகுதியில் "ஈரம் உண்டு, காரணம் தெரியும்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

இரண்டு வருடம் கழித்து கிசாகு கப்பலில் மாய்சுரு துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் சேர்ந்தான். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. கோடரியும் படவில்லை, மற்ற விரல்கள் குளிரில் விறைக்கவும் இல்லை. சைபீரியாவுக்குப் போன வருடத்துக்கு மறு வருடம், அக்டோபர் மூன்றாம் தேதி மதியத்துக்கு மேல், மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு விரல் மட்டும் வெளுத்துச் செத்துப்போயின, இரண்டு நாளில் முகாம் வைத்தியர் எடுத்துவிட்டார் என்றான். மசுயோ நெற்றி பாயில் பட விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொமேஜியும் பக்கத்தில் விழுந்தான். கொல்லனுக்கு இடுக்கி பிடிக்கிற கை அது.

கிசாகு வாளைக் கேட்டு வாங்கினான். காகிதத்தைக் கவ்விக்கொண்டு உருவி, விரல்கள் இருந்த இடத்தை ஜன்னலின் மேல் வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. காகிதத்தை எடுத்தான்.

"ஏண்டா தொமேஜி, ஒரு விரல் அகலம் திறந்திருந்தா சோதனை பண்ண ஆளுக்குக் கண்ணு தெரியாதா?"

பிறகு மனைவி பக்கம் திரும்பி, "முழுசாப் பூசாம விட்டியே. சோறு போடு" என்றான். மசுயோ அப்போதுதான் அழுதாள், வாளுக்கு எட்டாத தூரம் தள்ளிப் போய்.

அவன் மூன்று விரலால் இடுக்கி பிடிக்கப் பழகிக்கொண்டு இன்னும் இருபத்தாறு வருடம் வாள் அடித்தான். வாளும் வீட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது. அவள் தினமும் கிண்ணத்தை வடித்துத் வாசனை இலைக்காக வளர்த்த ஒரு பெரில்லாச் செடிக்கு ஊற்றினாள். அந்த இருபத்தாறாம் வருடம் ஜூன் மழைக்காலத்தில் ஒருநாள் காலை கிண்ணம் வெறுமையாக இருந்தது. மசுயோ கிசாகுவின் படுக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொமேஜியிடமிருந்து எண்ணெய்ப் புட்டியைக் கேட்டு வாங்கி, வாயில் காகிதத்தைக் கவ்விக்கொண்டு, வாளின் அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பூசிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வந்ததும் கையைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தாள். அங்கே எண்ணெய் ஏற்கெனவே இருந்தது.