டிரம்முக்கு அடியில்

இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுத்துப் போர்த்தித் தூங்காமல், கல்லறைத் தோட்டத்துக்கு வந்து புல் பிடுங்கினால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது? காவல்காரருக்கு வேர்த்தது. இருபத்தாறு வருஷமாக அங்கே குழி வெட்டி, கேட்டைப் பூட்டித் திறக்கிறவர். சம்பளமே இல்லாமல் ஒருத்தன் அடுத்தவன் கல்லைத் தேய்த்துக் கழுவினால், அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது அவர் கட்சி.

மூன்றாவது வாரம் கம்பியில் கட்டிய மஞ்சள் கொடிகளோடு வந்தார்கள். கல் இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, பின்சுவரோரம் வெறும் தரையில் நட்டுக்கொண்டே போனார்கள். கண்ணாடி போட்ட பெண் நோட்டில் எண் குறித்தாள். சரிதான், நிலத்துக்கு அடிபோடுகிறார்கள் என்று முடிவு கட்டினார்.

சுவரோரம்தான் அவருடைய தண்ணீர் டிரம் இருந்தது. டிரம்முக்கு அடியில் அவர் மகள். பிறக்கும்போதே மூச்சில்லை. மூச்சு விடாத பிள்ளைக்குப் புதைக்கிற சீட்டு கிடையாது என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அவரே குழி வெட்டினார். வேறு யாரும் அங்கே மண்வெட்டி வைத்துவிடக் கூடாதென்று டிரம்மைத் தூக்கி வைத்தார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் நகர்த்திக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"அதுல கை வைக்கிற வேலை வேணாம்."

அவர்கள் போனதும் ஒரு கொடி விடாமல் பிடுங்கிச் சாக்கில் கட்டினார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் நேரே அவரிடம் வந்தாள். "நாப்பத்தொரு கொடியையும் காணோம், அண்ணே."

"காத்துல போயிருக்கும்."

"கல்லு இல்லாதவங்களுக்கு வச்ச கொடி அது. மண்ணு எங்கெங்க உள்வாங்கியிருக்குன்னு பார்த்துப் பார்த்து நட்டோம். சுவரோரம் காலி நிலம்னு ரோட்டுக்குக் கேட்டிருக்காங்க. நாளைக்கு ஆபீசருங்க பார்க்க வர்றாங்க. கொடி இல்லைன்னா காலின்னுதான் எழுதுவாங்க."

"நீ சொல்றது நிஜம்னு நான் எப்படி நம்புறது?"

ரோட்டுக்கு நிலம் கேட்டு வந்த கடிதத்தை நீட்டினாள். அவர் முத்திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி முத்திரையைப் பார்த்தார். பாவி, தன் கையாலேயே அத்தனை பேரையும் இல்லாமல் ஆக்கியிருக்கிறோமே என்று நொந்துபோனார்.

சாக்கை எடுத்து வந்து அவிழ்த்தார். மண் உள்வாங்கினதைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, வெட்டினவருக்குத் தெரியாதா? மளமளவென்று நட்டார். பிறகு அவளிடம் இன்னொரு கொடி கேட்டு வாங்கிக்கொண்டு, டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, உருட்டி அப்பால் தள்ளினார். ஈரத் தரையில் கம்பி லேசாக இறங்கியது.

"இது யாரு, அண்ணே?"

"பேரு வைக்கல. என் பொண்ணுன்னு எழுதிக்கோ."

எழுதினாள். அப்போதும் மனசு கேட்காமல் நோட்டை வாங்கி, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். நாற்பத்திரண்டுக்கு நேராக இருந்தாள்.