யூ இல்லாத கியூ

மேற்கு ஆப்பிரிக்காவின் வாரி நகரத்தில் அக்பெவ்வே என்கிற பெண் ‘கனாட்’ என்ற சொல்லுக்குப் பொருள் படித்த அன்று, அவள் சமையலறைத் தரைக்கு அடியில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மலையிலிருந்து வயலுக்குப் பூமிக்கடியில் வெட்டிக் கொண்டுவரும் பாரசீகக் கால்வாய் என்று அகராதியில் போட்டிருந்தது. மறுநாள் வீட்டுக்காரர் ஆள் கூட்டிவந்து தரையைப் பெயர்த்துப் பார்த்தார். குளிர்ந்த நல்ல தண்ணீர். அக்கம்பக்கத்துக்காரர்கள் வாளியோடு வந்தார்கள். யாருக்கு முதல் வாளி என்பதில் சண்டை வந்ததே தவிர, யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

வயிறு எரிந்தவன் ஒருவன்தான். அவள் புருஷன் ஒனோரியோடே. டெல்டா மாநிலத்தில் எழுத்துக்கட்டை ஆட்டத்தில் ஆறு வருடமாக அவனை ஜெயிக்க ஆளில்லை. ஏழு கட்டைகளை எடுத்துப் பலகையில் ஆங்கிலச் சொல்லாக அடுக்குகிற அந்த ஆட்டம் வாரிக்காரர்களுக்குக் கால்பந்துக்கு அடுத்தபடி. ஒனோரியோடேவுக்கு எண்பதாயிரம் சொற்கள் மனப்பாடம். ஒன்றுக்கும் பொருள் தெரியாது. ஆட்டத்தில் பொருளை யாரும் கேட்பதில்லை, எழுத்து சரியாக இருந்தால் போதும். ஆங்கிலத்தில் கியூ என்ற எழுத்து, யூவைப் பின்னால் கூட்டிக்கொள்ளாமல் வெளியே வருவது அபூர்வம். அப்படி அது தனியாக வருகிற சொற்கள் கொஞ்சம்தான். கடைசிக் கட்டத்தில் கையில் கியூ மாட்டிக்கொண்டவனைக் காப்பாற்றுவதும் அவைதான். ‘கனாட்’டும் இருந்த அந்தப் பட்டியலைக் கல்யாணமான புதிதில் அக்பெவ்வேவுக்குக் கற்றுக் கொடுத்தவன் அவனே. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினாள்.

“அர்த்தத்த வச்சு என்ன பண்ணப் போற? சூப் வைக்கப் போறியா?” என்று அவன் சிரித்தான்.

“பேர் தெரியாம யாரையாவது வீட்டுக்குள்ள விடுவியா நீ?” என்றாள் அவள்.

தண்ணீருக்குப் பிறகு ‘காட்’ வந்தது. ஏமன் நாட்டார் மெல்லுகிற இலை. ஜன்னலோரம் ஒரே வாரத்தில் ஆள் உயரத்துக்குச் செடி வளர்ந்தது. ‘கிவியூட்’ படித்தபோது, துருவத்துக் காட்டெருதின் மென்மயிர் கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கிடந்தது. வாரியின் புழுக்கத்தில் அது யாருக்கும் பயன்படவில்லை, ஆனாலும் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். ஒனோரியோடே யாருக்கும் தெரியாமல் ஆட்டக் கழகத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து அதே சொற்களுக்குப் பொருள் படித்துப் பார்த்தான். ஒரு இலை துளிர்க்கவில்லை, ஒரு மயிர் உதிரவில்லை. தான் பெற்ற பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிடுவதுபோல அவனுக்கு இருந்தது.

போதாக்குறைக்கு அவள் ஆடவும் ஆரம்பித்தாள். மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். கழகச் செயலாளர் துவோயோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். “ஒனோரியோடே, இந்தத் தடவ கோப்பை உன் வீட்டுக்குத்தான் வருது, ஆனா உன் கைக்கு வராது” என்று சந்தையில் வைத்துக் கேலி செய்தார். அன்றைக்கு ஒனோரியோடே சாப்பிடவில்லை.

ஆட்டத்தன்று காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு துண்டுக் காகிதத்தை மடியில் போட்டான். “இத நீ பாத்திருக்க மாட்ட, என்னம்மா சாம்பியன்.” அதில் ‘ட்ராங்க்’ என்று எழுதி, கீழே பொருளும் எழுதியிருந்தான்: மயக்கி உறங்கவைக்கும் மருந்து. அவள் படித்தாள். சீப்பு பின்னலிலேயே நிற்க, அப்படியே சாய்ந்தாள். அவன் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு போட்டி நடக்கும் அசாபாவுக்குப் பஸ் ஏறினான். எதிராளி வராததால் கோப்பை அவனுக்கு. கை தட்டியவர்கள், “அவ எங்க?” என்று கேட்டபடியே தட்டினார்கள்.

சாயங்காலம் எழுந்துவிடுவாள் என்று நினைத்திருந்தான். எழவில்லை. மூன்றாம் நாள் மருத்துவர் வந்து, “நோய் ஒண்ணும் இல்ல, தூங்குறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் நாள் அவள் மூச்சு, மூக்கருகே பிடித்த பஞ்சை அசைக்கவில்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது. கோப்பை மேஜையில் இருந்தது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட அந்த வீட்டில் ஆள் இல்லை. அவன் அகராதியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தான். விழிப்பு, எழுச்சி, காலை, மருந்து என்று பொருள் வருகிற சொல்லையெல்லாம் உரக்கப் படித்தான். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பதினோராம் நாள் மத்தியானம், இரண்டே எழுத்தில் ஒரு சொல்லுக்கு வந்து சேர்ந்தான். கியூ, ஐ. வாழ்நாளில் பல்லாயிரம் தடவை பலகையில் வைத்திருக்கிறான். அதை ‘சீ’ என்று உச்சரிக்கவேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. சீனர்கள் சொல்லும் உயிர்மூச்சு என்று போட்டிருந்தது. படிக்கும்போது, இது எனக்கு வராவிட்டால் போகட்டும், அவளுக்கு வந்தால் போதும் என்று நினைத்தான். அப்படி நினைத்தது அவனுக்கே புதுசாக இருந்தது. நெஞ்சிலிருந்து பாதி மூச்சு கழன்று போனது. அக்பெவ்வே இருமிக்கொண்டு எழுந்தாள்.

“யார் ஜெயிச்சா?”

“நான்தான்.” அவன் தலை நிமிரவில்லை. “தெரிஞ்சேதான் குடுத்தேன், அந்தக் காகிதத்த.”

“அதுக்கு மட்டும் அர்த்தம் தேடிப் படிச்சியாக்கும்?” என்றாள். எழுந்து முகம் கழுவி, பெட்டியைக் கட்டிக்கொண்டு சப்பேலேயில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. சூப் மட்டும் அவனுக்கும் சேர்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் ஒரே மூச்சுதான். அவள் இழுத்தால் அவன் விடுவான். அவள் சந்தையிலிருந்து வேகமாக நடந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு இரைக்கும். மருத்துவர்கூட அவனைப் பரிசோதிக்கும்போது, “உங்க வீட்டம்மா இப்போ என்ன பண்றாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை நெஞ்சில் வைப்பார்.

இரண்டு வருடம் கழித்து அவள் ஆப்பிரிக்கப் போட்டிக்கு நைரோபி போனாள். அது உயரமான ஊர் என்பதால் அந்த வாரம் முழுக்க ஒனோரியோடே வாரியில் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தான். கடைசி நாள் அவனும் துவோயோவும் மிளகு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவன் மூச்சு நின்றது. துவோயோ கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மூச்சு குதித்துக் குதித்து, சிரிப்பைப் போல வந்தது. ஒனோரியோடேவின் முகம் கறுத்தது.

“ஜெயிச்சுட்டா” என்றான்.

“எத்தன புள்ளி வித்தியாசம்?” என்று துவோயோ கேட்டார்.

அவன் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்தான். “நெறைய” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கிண்ணம் சூப் கேட்டான்.